பெயருக்கு ஒரு சாட்சி



விடியுமுன்னே நிரையில் இறங்கிப் பால்மரம் சீவிய கைகளுக்கு ஒரு கேள்வி. கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கிறோமே, இந்த முறையை இங்கே சோதித்துப் பரப்பியவர் யார் தெரியுமா? ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்ற வெள்ளைக்காரர். ரப்பர் ரிட்லி என்றே அவருக்குப் பேர். ஆனால் ரப்பர் அவர் வாழ்க்கையில் ஒரு பாதிதான். மறுபாதி நம் காதுக்கு அதிகம் எட்டவில்லை.

ரிட்லி 1855 டிசம்பர் 10-ஆம் தேதி இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தார். 1880-இல் லண்டன் அருங்காட்சியகத்தில் செடி ஆராயும் வேலையில் சேர்ந்தார். 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராகக் கப்பலில் வந்து இறங்கினார்.

அங்கே 1877-இல் வந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வம்சம் மரமாகி நின்றது. அதன் அருமை தெரிந்தவர் இல்லை. ரிட்லி சட்டைப்பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு, கண்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் நட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினார். பைத்தியக்கார ரிட்லி என்று சிரித்தார்கள்! 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனத் தவுக்கே துணிந்து நட்டார். பிறகு நடந்த கதை நமக்குத் தெரியும். நம் பாட்டன், பூட்டன் கப்பலேறி வந்த கதையும் அதில் அடக்கம்.

இனி மறுபாதிக்கு வருவோம்.

ரிட்லிக்குக் காடென்றால் உயிர். பெயர் தெரியாத செடி கண்ணில் பட்டால் பூவோடு இலையோடு ஒரு கிளையை ஒடித்து, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் பறித்தது என்று சீட்டு எழுதி வைப்பார்கள். இப்படிப்பட்ட தாள்களை அலமாரி அலமாரியாக அடுக்கி வைக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பேர். அந்தத் தாள்களைப் பார்த்து நூற்றுக்கணக்கான புதுச் செடிகளுக்கு ரிட்லி பெயர் வைத்தார். 1911-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் சும்மா இருக்கவில்லை. மலாயாவின் செடிகொடிகளைப் பற்றி 1922 முதல் 1925 வரை ஐந்து பெரிய புத்தகங்கள் எழுதினார்.

பெயர் வைத்தால் போதுமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பிரட்டுக் களத்தில் கிராணி ‘முனியாண்டி’ என்று கூப்பிடுகிறார். இரண்டு பேர் கை தூக்குகிறார்கள். செக்ரோலில் உள்ள பேர் யாருடையது? சம்பளம் யாருக்கு? சாட்சி வேணும் இல்லீங்களா? செடிக்கும் அப்படித்தான். ஒரு பெயருக்கு ஒரு காய்ந்த கிளை சாட்சி. அதை ‘டைப்’ என்பார்கள். நாம் மூலமாதிரி என்று சொல்லலாம். அது அழகான கிளையாக இருக்க வேண்டியதில்லை. பூச்சி அரித்திருக்கலாம், இலை உதிர்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் எந்தச் செடிக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தால், தீர்ப்பு அந்தத் தாளில்தான்.

ரிட்லி காலத்தில் இதற்குக் கண்டிப்பான சட்டம் இல்லை. ஒரு பெயரின் கீழே தான் பறித்தது, பினாங்கில் கர்ட்டிஸ் பறித்தது, பேராக்கில் ஸ்கார்ட்டெக்கினிப் பாதிரியார் பறித்தது என்று பல தாள்களைக் குறித்திருப்பார். எது மூலம் என்று சொல்லாமல் விட்டதும் உண்டு. பின்னால் வந்தவர்கள் பார்த்தால், ஒரே பெயரில் இரண்டு வகைச் செடிகள் கலந்திருக்கும்! அப்போது அந்தத் தாள்களையெல்லாம் தேடியெடுத்து, ரிட்லி எழுதிய விவரத்தோடு ஒப்பிட்டு, பொருந்துகிற ஒன்றை மூலமாதிரியாக அறிவிக்க வேணும். முறைப்படி அச்சில் அறிவித்துவிட்டால், தக்க காரணம் இல்லாமல் அடுத்தவர் மாற்ற முடியாது. ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் பொறுமையாக முடிக்கிறார்.

தாளே அழிந்துபோனால்? 1943 மார்ச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தில் குண்டு விழுந்து தீப்பிடித்தது. எத்தனையோ மூலமாதிரிகள் சாம்பலாயின. அதற்கு ஓராண்டு முன்பே சிங்கப்பூர் ஜப்பான்காரர் கைக்குப் போயிருந்தது. ஆனால் தனாகடாதே என்ற ஜப்பானியப் பேராசிரியரும், ஹோல்ட்டம், கோர்னர் என்ற வெள்ளைக்காரர்களும் பகையை ஒதுக்கிவைத்துப் பூங்காவையும் ஹெர்பேரியத்தையும் காப்பாற்றினார்கள். ரிட்லியின் தாள்கள் பிழைத்தன. சிங்கப்பூரிலும் லண்டனிலும் இன்றும் இருக்கின்றன.

அந்தத் தாள்களில் இன்னொரு நியாயமும் உண்டு. பெயர் வைத்தவர் துரையாக இருக்கலாம். ஆனால் மூலமாதிரியைக் குறிக்கும்போது, கிளையைப் பறித்தவர் பெயரையும் அவர் போட்ட எண்ணையும் எழுதுவார்கள். பினாங்குப் பூங்காவில் வேலை பார்த்த முகமது ஹனிப் அப்படிக் காடு காடாய் அலைந்து செடி சேர்த்தவர். சில செடிகளுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாடுபட்டவன் பேர் சீட்டில் நிற்கிறது!

ரிட்லி நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 1956 அக்டோபர் 24-ஆம் தேதி லண்டனை அடுத்த கியூவில் கண்மூடினார். புதுச் செடிக்குப் பெயர் வைப்பவர் மூலமாதிரியைக் காட்டியே ஆக வேணும் என்ற சட்டம் 1958-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நண்பர்களே, காய்ந்துபோன கிளைக்கே இத்தனை காவல்! பிறப்புப் பத்திரம் இல்லாமல், நீல அடையாளக் கார்டு கிடைக்காமல், பிறந்த மண்ணிலேயே அந்நியராக அலைந்த நம்மவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆளும் இருந்தது, பேரும் இருந்தது. சாட்சிதான் இல்லை. இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் பத்திரங்கள் கரையானுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றனவா?