குறை கேட்டு நிறைவு கண்டவர்

படைப்பவரும் அப்படைப்பைச் சீர்தூக்கிப் பார்ப்பவரும் சேர்ந்தே இலக்கியத்தை வளர்க்கின்றனர் என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறிற்று என்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் தெரிவிக்கிறது. நூலுக்குரிய பத்து அழகுகளைக் கூறும் நன்னூல், அதற்கு முன்பாகவே பத்துக் குற்றங்களை எண்ணிக் காட்டுகிறது. குற்றம் காணாத அவையில் நூல் நிறைவு பெறுவதில்லை என்பது நம் முன்னோர் கருத்து.

எனினும், குறை கூறுதல் எளிது. கேட்பவருக்கு ஆக்கம் விளையுமாறு கூறுதல் அரிது. அதனைக் கேட்டு மனம் திரியாமல் ஏற்றுக்கொள்ளுதல் அதனினும் அரிது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் கூடியதால் தமிழ் பெற்ற பெரும்பேற்றைக் காட்டுவது டாக்டர் உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை.

தளிர் பார்த்த ஆசிரியர்

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனும் இசையில் வல்லவராக வேண்டுமென்று அவர் விரும்பினார்; மகனுடைய மனமோ தமிழையே நாடியது. பல ஊர்களில் பலரிடம் பாடம் கேட்ட பின்னர், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876-இல் பிள்ளையவர்கள் மறையும் வரை அவருடன் இருந்து கற்றார்.

பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை நட்டிருந்தார். நாள்தோறும் காலையில் அவை தளிர்த்துள்ளனவா என்று பார்ப்பதில் அவருக்குப் பேரின்பம். இதனையறிந்த மாணவர் தாம் முன்னதாகவே எழுந்து, புதிய தளிர்கள் தோன்றிய இடங்களைத் தேடி வைத்துக்கொண்டு ஆசிரியருக்குக் காட்டுவாராம். தளிரைத் தேடிய அந்தக் கண்கொண்டே பிள்ளையவர்கள் மாணவரையும் பார்த்தார். பாடலில் பிழை நேர்ந்தால் கடிந்து ஒதுக்காமல் திருத்திக் காட்டினார். திருத்தம் என்பது தண்டனையன்று, வளர்ப்பு முறை என்பதை இளமையிலேயே உணரும் வாய்ப்பு இவ்வாறு சாமிநாதையருக்குக் கிட்டியது. பின்னாளில் வந்த கடுமையான வினா ஒன்றைத் தாங்கும் வலிமையை அவ்வளர்ப்பே தந்தது எனலாம்.

முன்சீப்பின் வினா

1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர்தம் பரிந்துரையால் அவ்விடத்திற்குச் சாமிநாதையர் வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவானின் மாணவர் என்ற பெருமையும், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் அன்பும், கல்லூரி மாணவரின் மதிப்பும் அவருக்கு இருந்தன. தம் கல்வியைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டிய காரணம் ஏதும் அவருக்கு அன்று இல்லை.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், குடந்தைக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண அவர் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள், இலக்கண நூல்கள் எனப் பட்டியல் நீண்டது. முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்ற பொருளில் அவருடைய அடுத்த வினா எழுந்தது. பிற்கால நூல்களுக்கெல்லாம் மூலமான சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். படித்ததில்லை என்பதே விடை.

எத்தனை ஆண்டுக் கல்வி அந்த ஒரு வினாவின் முன் நின்றது! புலவர் பலர் இத்தகைய நேரத்தில் சினம் கொள்வர். வினவியவரின் தகுதியை ஆராயத் தலைப்படுவர். முதலியார் தமிழாசிரியர் அல்லர், நீதித்துறை அதிகாரி. அதிகாரிக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லி வீடு திரும்ப இளம் புலவருக்கு வழி இருந்தது. அவர் அவ்வழியை நாடவில்லை. நெஞ்சு வருந்தியது உண்மை. ஆயினும் வினா நியாயமானது என்பதை அந்நெஞ்சே ஒப்புக்கொண்டது.

இங்கே முதலியாரின் பண்பும் கருதத்தக்கது. குறையைக் காட்டியதோடு அவர் கதவைச் சாத்திவிடவில்லை. மீண்டும் வரச் சொன்னார். சிந்தாமணியின் பிரதியைக் கையில் கொடுத்தார். உடன் அமர்ந்து பாடம் கேட்கவும் முன்வந்தார். நூல் இல்லை என்ற குறையைச் சொன்னவரே நூலையும் தந்தார். ஆக்கம் கருதிய திறனாய்வுக்கு இதைவிடச் சிறந்த அடையாளம் வேண்டுவதில்லை.

தெரியாததைத் தெரியாது எனல்

சிந்தாமணி எளிதில் வசப்படவில்லை. சைவச் சூழலில் வளர்ந்தவருக்குச் சமண நூலின் மரபுச் சொற்கள் புதியவை. நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூலைச் சார்ந்தவை என்பதும் புலப்படவில்லை. கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்கு மாணவராகச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயங்களைக் கேட்டார். தாம் கொண்ட பொருள் தவறென்று அவர்கள் கூறியபோது திருத்திக்கொண்டார். பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். 1887-இல் சீவகசிந்தாமணி அச்சில் வெளிவந்தது.

மணிமேகலையிலும் இதே நிலை நேர்ந்தது. அந்நூலின் சமயச் செய்திகள் விளங்காமல் தயங்கிய காலத்தில், கல்லூரியில் உடன் பணிபுரிந்த மளூர் அரங்காசாரியார் அவை பௌத்தம் சார்ந்தவை என்று தெளிவுறுத்தினார். வடமொழியும் ஆங்கிலமும் அறிந்த அவரிடம் பௌத்தக் கொள்கைகளைக் கேட்டறிந்தார் ஐயர். 1898-இல் மணிமேகலை வெளிவந்தபோது பௌத்தம் பற்றிய விரிவான குறிப்புகளும் அதனுடன் இடம்பெற்றன. தமக்கு விளங்காததை விளங்கியதுபோல் எழுதிச் செல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. இடம் தெரியாத மேற்கோள்களை அவ்வாறே குறித்து வைத்தார். பிரதிகளில் கண்ட பாட வேறுபாடுகளையும் படிப்பவர் முன் வைத்தார். பிறர் திருத்துவதற்கு இடம்விட்டு எழுதும் பணிவு அது.

கண்டனப் புயல்

எல்லாக் குரலும் முதலியாரின் குரலாக இருக்கவில்லை. சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த பின்னர்க் கண்டனத் துண்டுப் பிரசுரங்கள் கிளம்பின. பிழை திருத்துவதைவிடப் பெயரைக் கெடுப்பதே அவற்றின் நோக்கமாக இருந்தது. ஐயரின் உள்ளம் புண்பட்டது. மறுப்பு எழுதவும் முற்பட்டார். கல்லூரியில் உடனிருந்த சாது சேஷையர் அம்முயற்சியைத் தடுத்தார். மறுப்புக்கு மறுப்பு என்று காலம் கழியுமானால் வெளிவர வேண்டிய நூல்கள் வெளிவாரா என்பது அவர் அறிவுரை. ஐயர் அதனை ஏற்றார்.

இதுவும் குறை கேட்கும் கலையின் ஒரு பகுதியே. எல்லாவற்றுக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. பொருளுள்ள திருத்தத்துக்கு அடுத்த பதிப்பு விடை. பொருளற்ற வசைக்கு அடுத்த நூல் விடை. பத்துப்பாட்டு 1889-இல் வந்தது, சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு, இடையில் கற்ற சங்க நூலறிவின் துணையோடு 1907-இல் வந்தது. மறுப்புரைகளில் கழிந்திருக்கக்கூடிய நாட்கள் நூல்களாயின.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்

1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் ஐயரை வந்தடைந்தன. எண்பத்தைந்து வயதை எட்டும் நேரத்தில், 1940-இல், ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். தமிழுலகம் முழுதும் போற்றிய அந்நிலையில், முதலியார் முன் தாம் விடையின்றி நின்ற நாளை அவர் மறைத்திருக்கலாம், மெருகேற்றிக் கூறியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தம் அறியாமையை நேரே எழுதினார். அதைக் காட்டியவரை நன்றியோடு போற்றினார். என் சரித்திரம் நிறைவுறாமலே, 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தார். முதலியாரின் பெயரை இன்று தமிழர் நினைப்பது, பெரிதும் அந்த நன்றியுரையால்தான்.

பாடலைக் கேட்டு வாளா பாராட்டிக் கலையும் அவை, கவிஞரை வளர்ப்பதில்லை. குறையை மட்டும் கூறி எழுந்து செல்லும் அவையும் வளர்ப்பதில்லை. குடந்தையில் முன்சீப் ஒருவர் வினவியதோடு நில்லாமல் பிரதியையும் கொடுத்தார். இளம் புலவர் ஒருவர் வருந்தியதோடு நில்லாமல் அப்பிரதியை விரித்துப் படித்தார். கூடிக் கவிதை பேசும் எந்த அவைக்கும் அவ்விருவரும் நல்ல வழிகாட்டிகள்.