தாளால் ஓர் அரண் எழுப்பிய தகைமையாளர் ரோஜா முத்தையா

திருமயத்தார்க்குக் கோட்டை என்றவுடன் குன்றின்மேல் நிற்கும் கல்லரண் நினைவுக்கு வரும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரிலோ, தனிமனிதர் ஒருவர் தாளால் ஓர் அரண் எழுப்பினார். அவரே ரோஜா முத்தையா செட்டியார் ஆவார்.

இளமையில் சென்னை சென்று பெயர்ப்பலகை ஓவியராகத் தொழில் புரிந்த அவர், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். ஈட்டிய பொருள் நூல்களாக மாறியது. பின்னர்ச் சொந்த ஊர் திரும்பியும் அத்தேடலை அவர் கைவிடவில்லை. 1983-ஆம் ஆண்டளவில் அவர் சேர்த்தவை ஏறக்குறைய ஓரிலட்சத்தை எட்டின.

சங்க நூல்களையும் சமய நூல்களையும் போற்றிச் சேர்த்தோர் பலர். முத்தையாவின் தனிச்சிறப்பு, கற்றோர் இகழ்ந்தவற்றையும் காத்தமையாகும். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942) ஆகியோரின் துப்பறியும் நாவல்களை மக்கள் விரும்பிப் படித்தனர். ஆயினும் படித்து முடித்தபின் பேணிவைத்தோர் சிலரே. வடுவூராரின் மேனகா 1935-லும், திகம்பர சாமியார் 1950-லும் திரைப்படங்களாயின. அத்துணைப் புகழ் பெற்றும், மலிவுத் தாளில் அச்சான அந்நாவல்களின் முதற்பதிப்புகள் அரும்பொருளாயின.

முதற்பதிப்புக்கு ஏன் இத்துணை மதிப்பு? மறுபதிப்புகளில் முன்னுரை நீங்கும், விளம்பரம் மறையும், பாடமும் திருத்தம் பெறும். விலை என்ன, அச்சகம் எது, அன்றைய வாசகர் யார் என்பனவற்றை முதலில் வெளிவந்த ஏடே உள்ளபடி உரைக்கும். இதனை உணர்ந்தமையால்தான் நாடகத் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூட அவர் ஒதுக்கவில்லை.

1992-ஆம் ஆண்டு அப்பெருந்தகை மறைந்தார். தொகுப்பு சிதறிப்போகும் நிலை நேர்ந்திருக்கக்கூடும். சிகாகோ பல்கலைக்கழகம் அதனை முழுமையாக விலைக்கு வாங்கியது. எனினும் கடல்கடந்து கொண்டு செல்லாமல் தமிழகத்திலேயே வைத்துப் பேண வழிவகுத்தது. 1994-ஆம் ஆண்டு சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் ஆய்வாளர்க்குப் பயன் தருகிறது.

மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. அங்கு அவர் முன்னரே தேடியெடுத்த நூல்களோ வாழ்கின்றன. மாணவச் செல்வங்களே! நும் இல்லத்துப் பரணிலும் அட்டை கிழிந்த பழைய நூல் ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் அதன் முதற்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அதுவே அப்பெரியார்க்கு நாம் செய்யும் நன்றிக்கடனாகும்.