வேலூரில் மூளையை அளந்த ரசாயனக்காரர்

நம் மானாம்பதி, உத்திரமேரூர் பக்கத்தில் யாருக்காவது நரம்புக் கோளாறு என்றால் பெரியவங்க வேலூர் சி.எம்.சி.க்குத்தான் கொண்டு போகச் சொல்வார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஊசி போடாமல், கத்தி பிடிக்காமல், சோதனைக் குழாயோடு நரம்பு நோயைத் துரத்திய ஒருவரை நம்ம பசங்க பலருக்குத் தெரியாது. பிமல் குமார் பச்சாவத்.

1925ல் கல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்கா சென்று மைனர் கூன் என்ற விஞ்ஞானியோடு ஆராய்ச்சி செய்தார். கொழுப்பிலிருந்து உடம்பு சக்தி எடுக்கும் பாதையில் ஒரு முக்கியமான என்சைமை 1955ல் அவர்கள் வெளியிட்டார்கள். அங்கேயே தங்கியிருக்கலாம். வேலூருக்கு வந்து மூளை ரசாயனத்துக்கென்றே லேப் அமைத்தார்.

எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு எளிதாகப் புரியும்: நரம்பு ஒரு ஒயர் என்றால், மயலின் அதன் இன்சுலேஷன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நல்லா இருந்த உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. அந்த இடத்தில் புரதத்தை அறுக்கும் என்சைம்களின் வேலை கூடி, மயலினின் அடிப்படைப் புரதம் குறைந்துபோகிறது. பச்சாவத் கையில் எடுத்தது இதன் மறுபக்கம். என்சைம் இல்லாததாலேயே உறை கெடும் நோய்.

மெட்டாகுரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்று பெயர், வாயில் நுழையாது. குழந்தை நல்லாத்தான் பிறக்கும், நடக்கப் பழகும். இரண்டு வயசு வாக்கில் கால் தடுமாறும், அப்புறம் பேச்சும் போகும். சல்படைடு என்ற கொழுப்பு மூளையில் தேங்குவது தெரிந்திருந்தது. ஏன் தேங்குகிறது?

அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஆஸ்டினும் பச்சாவத்தின் வேலூர்க் குழுவும் சேர்ந்து 1963ல் வெளியிட்ட கட்டுரை, ஆரைல்சல்படேஸ் ஏ என்ற என்சைமின் குறையைக் காட்டியது. ஏ. எஸ். பாலசுப்பிரமணியன், டி. என். பட்டாபிராமன் போன்றோரின் பெயர்களும் அதில் உண்டு. இந்த என்சைமை அளக்கும் வழி நம்ம லேப் சமாசாரம்தான். நைட்ரோகேட்டிகால் சல்பேட்டைத் திசுச் சாறோடு சேர்த்து வைத்து, கடைசியில் காரம் விட வேண்டும். என்சைம் வேலை செய்திருந்தால் சிவக்கும். சிவப்பு எவ்வளவோ, என்சைம் அவ்வளவு. ஆனால் ஒன்று குறைவு என்றால் மட்டும் போதுமா? திசுவே கெட்டுப் போயிருக்கலாமே! அதற்காகத்தான் மற்ற என்சைம்களையும், வேறு நோயாளிகளின் திசுக்களையும் சேர்த்து அளந்து ஒப்பிட்டார்கள். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இந்தப் பொறுமைதான்.

1962ல் பட்நாகர் பரிசு, 1990ல் பத்மபூஷண். பிற்பாடு கல்கத்தாவிலும் டில்லியிலும் பணியாற்றி, 1996ல் காலமானார்.

இல்லாத அந்த என்சைமுக்கான ஜீனையே குழந்தைக்குக் கொடுக்கும் சிகிச்சைக்கு 2020ல் ஐரோப்பாவும் 2024ல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் அறிவித்த விலை 42.5 லட்சம் டாலர்! அதுவும் நோய் முற்றுவதற்குள் கொடுத்தால்தான் பலன். அதனால் அண்ணனுக்கு இந்த நோய் கண்ட வீட்டில், ஓடியாடித் திரியும் தம்பியின் ரத்த வெள்ளணுவிலும் அதே என்சைமை அளந்து பார்க்கிறார்கள்.