பாட்டன் காலத்தைப் பத்திரப்படுத்திய தமிழ்த் தாத்தா

திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்கு பாசஞ்சர் ரெயிலில் போகிறவர்கள், ஊத்துக்குளியைத் தாண்டியதும் விஜயமங்கலம் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அந்தப் பெயரைப் பற்றி யாரும் அதிகம் நினைப்பதில்லை.

ஆனால் அது சாதாரண ஊர் அல்ல. பழங்காலத்தில் அங்கே கொங்குவேளிர் என்ற பெரும் புலவர் வாழ்ந்தார் என்று சொல்வார்கள். உதயணன் என்ற மன்னனின் கதையை அவர் தமிழில் பாடினார். அதன் பெயர் பெருங்கதை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரும் விஜயமங்கலத்தை அடுத்த நிரம்பை என்ற ஊர்க்காரர்தான்.

இந்த இரண்டு நூல்களும் பல நூறு ஆண்டுகள் பனை ஓலையில் தூங்கிக் கிடந்தன. படிப்பார் இல்லை. பெருங்கதைக்குக் கிடைத்த சுவடியில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இரண்டையும் ஒழுங்கு செய்து அச்சில் ஏற்றி நம் கையில் கொடுத்தவர் ஒருவரே. சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் 1892-ல் வெளியிட்டார். பெருங்கதையை 1924-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 69.

அவர்தான் உ.வே.சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கிற பெரியவர்.

பழைய நூல்களை அவர் காப்பாற்றிய கதையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவர் காப்பாற்றிய இன்னொரு பொருளும் உண்டு. அது நம் பாட்டன், பூட்டன் வாழ்ந்த வாழ்க்கை.

வெற்றிலையால் உண்டான ஊர்

திருவாரூர் மாவட்டத்தில் பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம் என்ற கிராமம் இருக்கிறது. அந்த ஊர் உண்டான கதை வேடிக்கையானது.

தஞ்சையை ஆண்ட மன்னர் ஒருவர் பரிவாரத்தோடு அந்தப் பக்கம் வந்தார். சாப்பிட்டு முடிந்ததும் வழக்கம்போல் வெற்றிலை போட்டுக்கொண்டார். பிறகுதான் அன்று ஏகாதசி என்பது நினைவுக்கு வந்தது. விரத நாளில் தவறு செய்துவிட்டோமே என்று வருந்தினார். பரிகாரமாக ஓர் ஊரையே உண்டாக்கி, வீடுகள் கட்டி, தானம் கொடுத்தார். அதுவே உத்தமதானபுரம்.

இந்த ஊர்க் குடும்பத்தில் 1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி சாமிநாதையர் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஊர் ஊராகப் போய் ராமாயணக் கதை சொல்வார், பாடுவார். ஊரார் கொடுக்கும் நெல்லிலும் பணத்திலும் குடும்பம் நடந்தது. ஓர் ஊரில் ஆதரவு குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள்.

அதனால் பையனின் படிப்பும் ஊர் மாறி மாறி நடந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகினான். பிறகு பனை ஓலையில் எழுத்தாணி பிடித்தான். அரியலூரில் ஓர் ஆசிரியர், குன்னத்தில் ஓர் ஆசிரியர், செங்கணத்தில் ஓர் ஆசிரியர் என்று தமிழ் கற்றான். மகன் சங்கீதத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது தந்தையின் ஆசை. பையனுக்கோ தமிழின் மேல்தான் பைத்தியம்.

குருவின் நிழலில்

அந்த நாளில் தமிழ்நாட்டில் பெரும் புகழோடு விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மாயூரத்திலும் திருவாவடுதுறை மடத்திலும் பாடம் சொன்னார். சாதி, மதம் பார்க்காமல் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மாணவர்களில் கிறிஸ்தவர் இருந்தார், முஸ்லிம் இருந்தார். சம்பளம் வாங்கவில்லை. கடன் பட்டாவது மாணவர்களுக்குச் சோறு போட்டார்.

சாமிநாதையர் பதினாறு வயதுப் பிள்ளையாக அவரிடம் போய்ச் சேர்ந்தார். ஆசிரியர் வாயால் பாட்டைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஓலையில் எழுதுவார்கள். மனத்தில் ஊறிய செய்யுள் ஊற்றுப்போல் வருமாம்.

1876-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி ஆசிரியர் காலமானார். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் அவரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருந்தார். சாமிநாதையர் பக்கத்தில் இருந்து திருவாசகம் படித்தார். அந்தக் காட்சியை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

ஒரு கேள்வி

1880-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் சாமிநாதையருக்குத் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீபைப் பார்க்கப் போனார்.

என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் நீண்ட பட்டியல் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பு இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

இத்தனை படித்தும் பயன் இல்லையா என்ற உறுத்தல் அவரை விடவில்லை. அந்த ஒரு கேள்வி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

சீவக சிந்தாமணி சமண நூல். ஐயரோ சைவ நூல்களில் ஊறியவர். தெரியாததைக் கேட்க அவர் வெட்கப்படவில்லை. கும்பகோணத்தில் இருந்த ஜைனர் வீடுகளுக்குப் போய், விளங்காத இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின், 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது.

தீக்கும் ஆற்றுக்கும் தப்பியவை

பிறகு அவர் ஓய்ந்து உட்காரவில்லை. மாட்டு வண்டியிலும் ரெயிலிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சுற்றினார். மடங்கள், புலவர் வீடுகள், பரண்கள் எங்கும் தேடினார்.

கரிவலம்வந்தநல்லூர் கோவிலில் ஏடுகள் உண்டு என்று கேள்விப்பட்டுப் போனார். ஆனால் அவை முன்பே ஓம குண்டத்தில் இடப்பட்டுச் சாம்பலாகிவிட்டன. பழுதான ஏட்டைத் தீயில் இடுவது சாஸ்திரம் என்று நம்பியவர்கள் செய்த காரியம் அது. வேறு இடங்களில் ஆடிப்பெருக்கு அன்று ஏடுகளை ஆற்றில் விட்டார்கள். மிஞ்சியதைக் கரையான் தின்றது.

யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. தங்கள் வீட்டில் இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

இதே வேலையில் ஐயருக்கு முன்பே இறங்கியவர் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை. அவரையும் நாம் மறக்கக்கூடாது. இப்படிச் சிலர் பாடுபட்டதால்தான் பத்துப்பாட்டும் புறநானூறும் மணிமேகலையும் குறுந்தொகையும் இன்று நம்மிடம் இருக்கின்றன.

1903-ல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தது. 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆனாலும் திருவல்லிக்கேணி வீட்டில் ஏடும் கையுமாகவே இருந்தார்.

தன் கதையைச் சொன்னார்

வயதான பிறகுதான் ஐயர் தம் பழைய நினைவுகளை உரைநடையில் எழுதத் தொடங்கினார். ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதினார். நான் கண்டதும் கேட்டதும், பழையதும் புதியதும், நினைவு மஞ்சரி என்று நூல்கள் வந்தன.

1940-ல் ஆனந்த விகடன் வார இதழில் என் சரித்திரம் தொடங்கியது. அப்போது அவருக்கு 85 வயது நெருங்கிவிட்டது.

அதில் ராஜாக்களின் போர் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. சாலை இல்லாத கிராமம் இருக்கிறது. பாட்டுக்கு நெல் கொடுத்த ஊரார் இருக்கிறார்கள். தம் வீட்டு வறுமையையும் அவர் மறைக்கவில்லை. யார் சோறு போட்டார், யார் புத்தகம் கொடுத்தார் என்று ஒவ்வொருவர் பெயரையும் நன்றியோடு சொன்னார். அவர் எழுதாமல் இருந்திருந்தால் அந்த நல்லவர்களில் பலருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

வாரா வாரம் மக்கள் ஆவலோடு படித்தார்கள். கதை 122 அத்தியாயம் வரை போனது.

1942-ல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னை நகரமே காலியாயிற்று. ஐயரும் திருக்கழுக்குன்றத்துக்குக் குடிபோனார். அங்கே ஏப்ரல் 28-ந் தேதி, 87-வது வயதில் காலமானார்.

என் சரித்திரம் மணிமேகலை பதிப்பு வெளிவந்த காலத்தோடு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த 40 ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கையை அவர் வாயால் நாம் கேட்க முடியவில்லை. எழுதிய வரை வந்த பகுதி 1950-ல் நூலாக வெளிவந்தது.

எத்தனையோ புலவர்களின் ஏடுகளைக் கரையானிடமிருந்து மீட்டவர் அவர். தம் சொந்தக் கதையில் பாதியைக் காலனிடமிருந்து மீட்க அவருக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

நம் வீட்டு ஏடு

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

திருப்பூர் வட்டாரம் இன்று பனியனுக்குப் பெயர் பெற்றது. 1920-களில் இதே ஊர் கதருக்குப் பெயர் பெற்றிருந்தது. சுற்றுக் கிராமங்களில் பெண்கள் ராட்டையில் நூல் நூற்றார்கள். தோட்டங்களில் எருது பூட்டிக் கவலை இறைத்தார்கள். ராட்டைச் சத்தமும் கவலைப் பாட்டும் இன்று கேட்பதில்லை.

ஆனால் அவற்றைக் காதால் கேட்டவர்களோ, கேட்டவர் சொல்லக் கேட்டவர்களோ இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாருவும் அப்பத்தாவும் தாம் அந்த ஏடுகள். அவர்களைப் படிக்க எழுத்துக்கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பெரியவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை.

தமிழ்த் தாத்தாவுக்கே காலம் காத்திருக்கவில்லை. நம் வீட்டுத் தாத்தாவுக்கு மட்டும் காத்திருக்குமா?