அப்பரும் என் பிளேலிஸ்ட்டும்

போன செமஸ்டரில் ஒரு பேப்பரில் நான் ஃபெயில். ஹாஸ்டல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டி, இரண்டு வாரம் சோகப் பாட்டாகவே கேட்டேன். மனசு லேசாகும்னு நினைச்சேன். இன்னும் கனமாத்தான் ஆச்சு. எங்கள் பாடத்தில் ஒத்ததிர்வு என்று ஒன்று உண்டு. ஊஞ்சல் ஆடுகிற அதே தாளத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். என் சோகத்தை நானே அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஞாபகத்துக்கு வந்தவர், சின்ன வயதில் கோயில் தேவார வகுப்பில் கேட்ட அப்பர் சுவாமிகள்.

7-ஆம் நூற்றாண்டில் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர். இயற்பெயர் மருள்நீக்கியார். இளம் வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பி அழுததைப் பார்த்து அவருக்காகவே வாழ்ந்தார்.

வாழ்க்கை நிலையில்லாதது என்று கண்ட தம்பி, உண்மையைத் தேடிச் சமண சமயத்தில் சேர்ந்தார். தருமசேனர் என்ற பெயரோடு அங்கே பெரிய ஆசானாகவும் உயர்ந்தார். அந்த நேரத்தில்தான் கொடிய சூலை நோய் வயிற்றைப் பிடித்தது. அங்கிருந்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. சமையல்காரர் மூலம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த இடத்துக்கு வரமாட்டேன் என்றார் அக்கா. அதனால் தம்பியே இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய் அவர் காலில் விழுந்தார். திருநீறு கொடுத்து, வீரட்டானேசுவரர் சந்நிதிக்கு அழைத்துப் போனார் அக்கா.

அங்கே பிறந்ததுதான் அப்பரின் முதல் பதிகம். கொல்லிப் பண்ணில் அமைந்தது. வலியை மறைத்துக்கொண்டு அவர் பாடவில்லை. வயிறு படுத்தும் பாட்டை அப்படியே சிவபெருமானிடம் முறையிட்டார். நோய் நீங்கியது என்கிறது பெரியபுராணம். நாவுக்கரசர் என்ற பெயரும் அங்கேதான் கிடைத்தது.

அதோடு சோதனை முடிந்ததா? இல்லை. பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள் அடைத்தான். என்னை அங்கே போட்டிருந்தால் நான் நெருப்பைப் பற்றித்தான் புலம்பியிருப்பேன். அவரோ வீணையின் இசையையும், நிலவையும், தென்றலையும், குளத்தையும் நினைத்துப் பாடினார். இறைவன் திருவடி நிழல் அவ்வளவு குளிர்ச்சி என்றார். கதவைத் திறந்தபோது அவர் சுகமாக இருந்தார்.

யோசிச்சுப் பாருங்க. நோயில் அவர் பாட்டு முறையீடு. சூளையில் அது நிழல். இசை நம் மனநிலையைக் கூட்டவும் செய்யும், மாற்றவும் செய்யும். எந்தப் பக்கம் பார்த்துப் பாடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

பிற்காலத்தில் தம்மைவிட மிக இளையவரான திருஞானசம்பந்தர் அப்பரே என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்தது. கையில் உழவாரப் படை, வாயில் தேவாரம் என்று ஊர் ஊராகக் கோயில் முற்றங்களைச் சுத்தம் செய்தார். 81 வயது வரை வாழ்ந்து, சித்திரைச் சதயத்தில் திருப்புகலூரில் முக்தி அடைந்தார். 4, 5, 6-ஆம் திருமுறைகள் அவர் பாடியவை.

இந்தக் கதையில் நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. பாட்டுக்கு முன்னால் அவர் அக்காவைத் தேடிப் போனார். நான் ஃபெயில் ஆனதை வீட்டில் யாரிடமும் சொல்லவே இல்லை. அன்று இரவு என் அக்காவுக்குப் போன் பண்ணினேன். திட்டுவாங்கன்னு பயந்தேன். சாப்பிட்டியான்னுதான் முதலில் கேட்டாங்க. அழுதுட்டேன்.

அதற்குப் பிறகு படிக்க உட்காரும் முன் ஒரு பதிகம் பாடுகிறேன். சுருதி சேராது, பரவாயில்லை. அந்தப் பேப்பரை மறுபடி நான்தான் எழுதணும், பாட்டு எனக்காக எழுதாது. ஆனால் எழுதப் போகிற மனசு இப்போது தயாரா இருக்கு.

உங்களில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு இதைப் படித்தால், முதலில் ஒரு போன் பண்ணுங்க. அப்புறம் ஒரு தேவாரம் பாடுங்க. திருச்சிற்றம்பலம்.