தரங்கம்பாடிச் சிறையும் ஒரு வாடகை அறையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில், ஆலைத் தொழிலாளர்கள் சிலர் வாடகை அறையொன்றில் ஞாயிறுதோறும் கூடி ஜெபிக்கிறார்கள். நானும் அவர்களுள் ஒருவன். அண்மையில் அக்கம்பக்கத்தார் சிலர் வந்து கூட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். உடனே காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றார் ஒருவர்; அறையையே காலி செய்துவிடலாம் என்றார் இன்னொருவர். என் கருத்தைக் கேட்டபோது, நான் நினைத்துக்கொண்டது பர்த்தலோமேயு சீகன்பால்குவை.

ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் நகரில் 1682-இல் பிறந்தவர் அவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, நண்பர் புளூட்சாவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கால்வைத்தார். அவரை முதலில் எதிர்த்தவர்கள் தமிழர்கள் அல்லர். டேனிஷ் வணிகக் குழுமத்தின் கோட்டைத் தலைவர் ஹாசியஸ். அவரும் கிறிஸ்தவரே. சமயப் பணி வணிகத்துக்கு இடையூறாகும் என்பது அவர் தரப்பின் அச்சம்.

சீகன்பால்கு சோர்ந்துவிடவில்லை. சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். 1708-இல் கணவனை இழந்த ஏழைத் தமிழ்ப் பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்றார். கலகம் தூண்டுகிறார் எனக் கருதிய ஹாசியஸ், அந்த நவம்பரில் அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதச் சிறைவாசம். எழுதுபொருள்கூட முதலில் மறுக்கப்பட்டது; அது கிடைத்தபின் சமய வாழ்வு குறித்த நூல்களை அங்கேயே எழுதினார். வெளியே வந்ததும் பழிதீர்க்க முனையாமல், விட்ட இடத்தில் பணியைத் தொடர்ந்தார். அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் முழுமை பெற்றது.

என்னை அதிகம் கவர்வது வேறொன்று. தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்களின் பதில் கடிதங்களைக் கேட்டுப் பெற்றார். கிறிஸ்தவர்களின் குடிப்பழக்கத்தையும் ஒழுக்கக் கேட்டையும் அக்கடிதங்கள் சாடின. சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரூண்ட்லரும் அவற்றை மறைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினர். எதிர்ப்பவரின் சொல்லிலும் உண்மை இருக்கலாம் என்று ஏற்பதற்கு, சிறைக்குப் போவதைவிடக் கூடுதல் துணிவு தேவை.

அவர் குறையற்றவர் அல்லர். இந்நாட்டுச் சமயங்களைத் தவறெனவே கருதினார். ஆயினும் அவற்றை ஆழ்ந்து பயின்று, தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி 1713-இல் பெருநூல் எழுதினார். அதை வெளியிட ஹாலேயின் பெரியவர் பிராங்கே விரும்பவில்லை. 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. இறுதி ஆண்டுகளில் கோபன்ஹேகனின் சமயப் பணி நிர்வாகமும் அவரைக் கடிந்துகொண்டது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் மறைந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார்.

எதிர்ப்பு என்றாலே அது துன்புறுத்தல் என்று எண்ணிவிடும் பழக்கம் எங்களுக்கு உண்டு. சிலவேளை அது உண்மை. சிலவேளை அது வெறும் முறையீடு. இரண்டையும் பிரித்தறியாமல் காட்டும் உறுதி பிடிவாதமாகிவிடும்.

இதைத்தான் எங்கள் அறையில் சொன்னேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சென்று அவர்கள் சொன்னதைக் கேட்டோம். ஒலிபெருக்கியும் தெருவை அடைத்த வண்டிகளுமே பலரின் குறை. அது நியாயம்; அன்றே இரண்டையும் சரிசெய்தோம். ஜெபமே கூடாது என்றவரிடம், அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு தரும் உரிமையைப் பணிவாக எடுத்துச் சொன்னோம், அதை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இன்னும் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆயினும் அவரைக் காணும்போதெல்லாம் நாங்கள் வணக்கம் சொல்கிறோம்.