அணித் தலைவர் தயான் சந்த்

வளைகோல் பந்தாட்டம் என்றதும் நம் நெஞ்சில் முதலில் நிற்பவர் தயான் சந்த். 1905இல் அலகாபாத்தில் பிறந்த அவர், பதினாறு வயதில் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். ஆட்டம் அங்கேதான் அவருக்கு வசப்பட்டது. 1928, 1932 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அணிகளில் ஆடினார்.

1936இல் பெர்லினுக்கு அணித் தலைவராகச் சென்றார். போட்டிகள் தொடங்குமுன், ஜூலை 17 அன்று, பயிற்சி ஆட்டமொன்றில் ஜெர்மனியிடம் 4–1 எனத் தோற்றது இந்தியா! அன்றிரவு தலைவருக்கு உறக்கமில்லை. பழம்பெருமை பேசிக்கொண்டிருந்தால் பதக்கம் பறிபோகும் என்பது புரிந்துவிட்டது. பொறுப்பாளர்களும் அவரும் கூடிப் பேசினர். முன்களத்தில் ஓட்டை இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, தாராவை உடனே அனுப்பும்படி தாயகத்துக்குத் தந்தி கொடுக்கச் செய்தனர். உலகப் புகழ் பெற்ற ஒருவர், தம் அணிக்கு ஆள் போதாது என்று சொல்வது எளிதா? அவர் அடித்த கோல்களைவிட இந்தத் தந்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விமானத்தில் வந்த தாரா அரையிறுதியில் சேர்ந்துகொண்டார். ஆகஸ்டு 15 இறுதியாட்டத்தில் எதிரே அதே ஜெர்மனி. உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா எடுத்துக் காட்டிய மூவர்ணக் கொடியை வணங்கிவிட்டே வீரர்கள் களமிறங்கினர். இடைவேளை வரை ஒரே கோல்தான். முடிவில் 8–1. அந்தத் தொடரில் இந்தியா வாங்கிய கோல் அது ஒன்றே.